முன்விளக்கில் தெரியும் பின்விளக்கின் பழுது

தமிழ்நாட்டின் காய்கறிச் சந்தைகளிலும் மீன்பிடித் துறைமுகங்களிலும் ‘குட்டி யானை’ என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டி 2005 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த வண்டிகளை இன்றும் சாலையில் காணலாம். வயதான இத்தகைய வண்டிகளின் பின்விளக்குகளில் ஒரு விந்தையான கோளாறு தோன்றுவதுண்டு. பொழுது சாய்ந்து பார்க் லைட்டைப் போட்டால் இரு பின்விளக்குகளும் ஒழுங்காகவே எரிகின்றன. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் வலப்பக்க விளக்கு முறைப்படி பளிச்சிடுகிறது. இடப்பக்க விளக்கோ, கூடுதலாக ஒளிர வேண்டிய அந்த நொடியில், இருந்த ஒளியையும் இழந்து அணைந்ததுபோல் ஆகிவிடுகிறது. யாரும் சுவிட்சைத் தொடாதபோதும் இடப்பக்க இண்டிகேட்டர் மங்கலாக ஒளிர்வது அதைவிட வியப்பானது. பின்புற இண்டிகேட்டர் மட்டுமன்று, ஹெட்லைட்டுக்கு அருகிலுள்ள முன்புற இண்டிகேட்டரும் சேர்ந்தே கனல்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் எல்லாம் பழையபடி சீராகிவிடுகிறது.

புதிய பல்ப் போட்டாலும் இந்த நிலை மாறுவதில்லை. ஃபியூஸும் நல்ல நிலையிலேயே இருக்கிறது. பிரேக் சுவிட்ச், இண்டிகேட்டர் சுவிட்ச், ஃபிளாஷர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்குச் செலவாகும் பணம், உண்மையான பழுதைச் சரிசெய்ய ஆகும் செலவைப்போலப் பல மடங்காகிவிடும். அடையாளங்கள் மூன்று நான்காகத் தெரிந்தாலும் பழுது ஒன்றே என்பதையும், அது எங்கே இருக்கிறது என்பதையும் வண்டியின் அடியில் படுக்காமலேயே ஊகித்துவிட முடியும் என்பதையும் உணர்வதற்கு, மின்னோட்டம் போகும் வழியைப் போலவே அது திரும்பும் வழியையும் பார்க்கப் பழக வேண்டும்.

மின்னோட்டம் என்பது பால் பாக்கெட்டைப் போல வாசலில் போட்டுவிட்டுப் போகும் பொருளன்று. மாவு மில்லில் மோட்டாரையும் அரைவை இயந்திரத்தையும் இணைக்கும் பெல்ட்டை அதற்கு ஒப்பிடலாம்: மேல்பக்கத்தில் ஓடும் பெல்ட் கீழ்ப்பக்கமாகத் திரும்பிவந்தால்தான் இயந்திரம் சுழலும், எந்தப் பக்கத்தில் அறுந்தாலும் முழு ஓட்டமும் நின்றுவிடும். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, ஃபியூஸ், சுவிட்ச், விளக்கு ஆகியவற்றைக் கடந்து, பேட்டரியின் மறுமுனைக்கே வந்துசேரும் இந்த மூடிய பாதையே மின்சுற்று எனப்படுகிறது. விளக்கிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் பிற்பாதியை இங்குத் ‘திரும்புவழி’ என்று குறிப்பிடலாம்.

வீட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர்கள் செல்கின்றன. வண்டியில் பெரும்பாலும் ஒன்றுதான் நெடுந்தூரம் ஓடுகிறது. பேட்டரியின் எதிர்முனையைத் தடித்த பட்டையொன்றால் சேசிஸுடன் இணைத்துவிட்டால், அந்த இரும்புச் சட்டம் முழுவதுமே எல்லா விளக்குகளுக்கும் பொதுவான திரும்பு கம்பியாகிவிடும். செம்புக் கம்பி ஏறத்தாழப் பாதி மிச்சமாகும். பட்டறைகளில் இதைத்தான் ‘பாடி எர்த்’ என்கிறார்கள். ரப்பர் டயர்களின்மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் மின்தொடர்பு எதுவும் இல்லாதபோது ‘எர்த்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நியாயமானதே. மியூனிக் நகரைச் சேர்ந்த கார்ல் ஆகஸ்ட் ஃபொன் ஸ்டைன்ஹைல் 1838 ஆம் ஆண்டில், தந்திக்குத் திரும்பு கம்பி தேவையில்லை, இரு முனைகளிலும் உலோகத் தகட்டைப் புதைத்தால் மண்ணே அந்த வேலையைச் செய்துவிடும் என்று காட்டினார். அங்கே பொருளோடு வழங்கிய சொல், இங்கே பொருளை இழந்த பின்னும் நிலைத்துவிட்டது. எந்த முனையை உடலோடு இணைப்பது என்பதும் வழக்கத்தைப் பொறுத்ததே. பல பிரிட்டிஷ் வண்டிகளில் 1960கள் வரை நேர்முனைதான் சேசிஸோடு இணைந்திருந்தது, அதனால் விளக்கின் ஒளி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி விளக்குக்கு வரலாம். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடிக்குள் இருக்கும் பல்ப் ஒன்றானாலும் அதனுள் மின்னிழைகள் இரண்டு: பார்க் லைட்டுக்கு 5 வாட் இழை, பிரேக்குக்கு 21 வாட் இழை. பல்பின் அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் உள்ளன. அவை இரு இழைகளுக்கும் தனித்தனியே மின்சாரம் வரும் வாசல்கள். வெளியேறும் வாசலோ இரண்டுக்கும் ஒன்றே, அதாவது பல்பின் பித்தளை உறை. பல்பின் பக்கவாட்டில் உள்ள இரு முளைகள் ஒரே உயரத்தில் இல்லாமல் ஏறியிறங்கி இருப்பது, தலைமாற்றிச் செருகி 5 வாட்டுக்கும் 21 வாட்டுக்கும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். இதே விளக்குப் பெட்டியில் அடுத்த அறையில் இண்டிகேட்டருக்கென மற்றொரு 21 வாட் பல்ப் இருக்கிறது. அதன் திரும்புவழியும் முன்சொன்ன பித்தளை உறையோடு ஒன்றுசேர்ந்து, ஒரே ஒயராகி, சேசிஸில் ஒரு திருகாணியில் முடிகிறது. மூன்று இழைகளின் திரும்புவழியும் அந்த ஒற்றைத் திருகாணியையே நம்பியிருக்கிறது.

மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பை மின்தடை என்பர்; ஜெர்மானிய அறிவியலாளர் கியோர்க் ஓம் 1827 இல் வெளியிட்ட நூலில் அதற்கொரு ஒழுங்கான விதியைத் தந்ததால் அதன் அலகும் அவர் பெயரையே பெற்றது. எரியும் நிலையில் 21 வாட் இழையின் மின்தடை ஏறத்தாழ 7 ஓம், 5 வாட் இழையுடையது ஏறத்தாழ 29 ஓம். அகன்ற வாய்க்காலில் நீர் தாராளமாக ஓடுவதுபோல முன்னதில் 1.75 ஆம்பியரும், குறுகிய வாய்க்காலில் ஓடுவதுபோலப் பின்னதில் 0.4 ஆம்பியரை ஒட்டியும் மின்னோட்டம் செல்கிறது. இவ்விடத்தில் கவனிக்க வேண்டிய மற்றொரு பண்பு உண்டு: டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. 2000 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடேறிய பிறகே அது தன் முழு எதிர்ப்பையும் காட்டுகிறது. ஆகவே சிறிதளவு மின்னோட்டம் ஒரு தடித்த இழையின் வழியே, அதை ஒளிரச் செய்யாமலே, யாருக்கும் தெரியாமல் கடந்துபோய்விட முடியும்.

இப்போது அந்தத் திருகாணி துருவேறித் தொடர்பு அறுந்துவிட்டதாகக் கொள்வோம். சமையலறைத் தொட்டிக்கும் குளியலறைக்கும் கழிவுநீர்க் குழாய் பொதுவாக இருந்து, அது வெளியே அடைத்துக்கொண்டால், சமையலறையில் ஊற்றிய நீர் குளியலறைத் தரையின் சல்லடை வழியாக மேலெழும்பி வருவதைப் பல வீடுகளில் கண்டிருப்பார்கள். கீழே இறங்கும் வழியாக இருந்தது, அடைப்பு ஏற்பட்டதும் மேலேறும் வழியாகிவிடுகிறது. மின்சுற்றிலும் அதுவே நிகழ்கிறது. பொதுத் திரும்புவழி அடைபட்டால், ஓர் இழையின் வழியே வந்த மின்னோட்டம் பக்கத்து இழையினுள் தலைகீழாக நுழைந்து, அதன் ஒயர் வழியே பின்னோக்கிச் சென்று, வேறெங்காவது சேசிஸை அடையப் பார்க்கும். இதற்குப் ‘பின்னோட்டம்’ என்று பெயரிடலாம். இந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு: நீர் தேங்கி வழியும், மின்னோட்டமோ தேங்குவதில்லை, மாற்றுவழி இல்லையென்றால் அது அந்தக் கணமே நின்றுவிடும்.

பார்க் லைட் மட்டும் போட்டிருக்கும் நிலையை முதலில் தொடரலாம். மின்னோட்டம் இடப்பக்க 5 வாட் இழையைக் கடந்து பித்தளை உறைக்கு வருகிறது. அங்கே வழி அடைபட்டிருப்பதால் அதே பல்பின் 21 வாட் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, பிரேக் ஒயரைப் பிடித்து, வலப்பக்கப் பிரேக் இழையை அடைந்து, அங்குள்ள நல்ல எர்த்தின் வழியே வீடுதிரும்புகிறது. வழியில் குறுக்கிடும் இரு 21 வாட் இழைகளும் குளிர்ந்தே இருப்பதால் அவற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு. ஆகவே 5 வாட் இழைக்குக் கிட்டத்தட்ட முழு மின்னழுத்தமும் கிடைத்து, அது குறையேதும் இல்லாததுபோல் எரிகிறது. பழுது இருந்தும் வெளியே தெரியாத நிலை இது.

பிரேக்கை மிதித்ததும் காட்சி மாறுகிறது. இதுவரை திரும்புவழியாகப் பயன்பட்ட பிரேக் ஒயரிலேயே இப்போது 12 வோல்ட் வந்துவிட்டது. 5 வாட் இழையின் ஒரு பக்கம் 12 வோல்ட், 21 வாட் இழையின் ஒரு பக்கம் 12 வோல்ட், இரண்டும் சந்திக்கும் உறையிலிருந்து வெளியேறப் பழைய வழி இல்லை. எஞ்சியிருப்பது இண்டிகேட்டர் இழை ஒன்றே. அதனுள் தலைகீழாகப் புகுந்த மின்னோட்டம், இண்டிகேட்டர் ஒயர் வழியே வண்டியின் நீளம் முழுவதையும் கடந்து, முன்புற இண்டிகேட்டரை அடைந்து, அதன் எர்த்தில் இறங்குகிறது. மூன்று 21 வாட் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்பட்டிருப்பதால், இருக்கும் 12 வோல்ட்டை மூன்றும் பங்கிட்டுக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் 4 வோல்ட்டை ஒட்டியே கிடைக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தம் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. மின்னிழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகச் சரியும். பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் குறைந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தத்தில் எஞ்சுவது நூற்றில் இரண்டு மூன்று பங்கு ஒளிதான். பிரேக் இழை அணைந்ததாகவே தெரிவதும், அதனோடு இணைந்த 5 வாட் இழை மங்கிவிடுவதும், இண்டிகேட்டர்கள் அடுப்பில் அணையப்போகும் கரிபோலக் கனல்வதும் இதனால்தான்.

இது அழகான விளக்கம். ஆயினும் அழகாக இருப்பதாலேயே ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. இதே அடையாளங்களில் சிலவற்றைத் தரக்கூடிய வேறொரு பழுதும் உண்டு. பல்பினுள் ஓர் இழை அறுந்து அடுத்த இழையின்மேல் விழுந்து ஒட்டிக்கொண்டால், பிரேக் ஒயரும் பார்க் ஒயரும் பல்புக்குள்ளேயே இணைந்துவிடும். அப்போது பிரேக்கை மிதித்தால் எல்லாப் பார்க் விளக்குகளும், டாஷ்போர்டின் சிறு விளக்குகளும்கூட, நல்ல ஒளியோடு எரியும். ஆனால் இண்டிகேட்டர் எரியாது. இரண்டு விளக்கங்களும் இந்த இடத்தில் பிரிகின்றன. இண்டிகேட்டர் கனல்கிறது என்ற ஒரே செய்தி, பல்ப் குற்றமற்றது என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

எர்த் அறுந்துள்ளது என்ற கருத்தை இன்னும் கடுமையாகச் சோதிக்கவும் முடியும். அது சரியென்றால், முன்புற இடப்பக்க இண்டிகேட்டர் பல்பைக் கழற்றியதும் பின்புற இண்டிகேட்டரின் கனலும் மறைய வேண்டும். ஏனெனில் பின்னோட்டத்தின் கடைசிப் படி அதுதான். பக்கவாட்டில் சிறு இண்டிகேட்டர் இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். முன்னால் ஒரு பல்பைக் கழற்றினால் பின்னால் உள்ள பிரேக் விளக்கின் நடத்தை மாறும் என்பது, இந்த விளக்கத்தைத் தவிர வேறு எதனாலும் எளிதில் சொல்ல முடியாத முன்கணிப்பு. அது பலித்தால் சந்தேகத்துக்கு இடம் மிகவும் குறைந்துவிடும். அடுத்த சோதனை, பின்விளக்கின் எர்த் முனையிலிருந்து ஒரு ஒயரை நேரே பேட்டரியின் எதிர்முனைக்கோ சுரண்டிச் சுத்தம்செய்த சேசிஸ் பரப்புக்கோ கொடுப்பது. விளக்கம் சரியானால் எல்லாக் கோளாறுகளும் ஒரே நொடியில் ஒன்றாக மறையும். ஒன்று மறைந்து மற்றொன்று எஞ்சினால், இரண்டாவது பழுது ஒன்று ஒளிந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

எர்த் ஏன் அறுகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் உப்பும் நீரும் ஆகும். மீன்பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீர், மழைக்காலச் சேறு, வாட்டர் சர்வீஸில் பீய்ச்சப்படும் நீர் ஆகிய எல்லாம் சேரும் மூலையிலேயே அந்தத் திருகாணி இருக்கிறது. செம்பாலான முனையும் இரும்புச் சட்டமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடமே ஒரு சிறு மின்கலமாகி, இரும்பு விரைந்து அரிக்கப்படும். துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மேலும், இரு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு இறுகப் பொருந்தியதாகத் தெரிந்தாலும் அவை உண்மையில் தொடுவது மிக நுண்ணிய மேடுகளில் மட்டுமே என்பதால், சிறிதளவு துருப்படலமே அத்தொடர்பைக் கெடுத்துவிடப் போதுமானது. ஒயரின் மேலுறைக்குள்ளும் ஆபத்து நுழைகிறது: விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செம்பிழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிடைவெளிகளில் நீர் தானாக ஊர்ந்து சென்று, உறை பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே செம்பைக் கருக்கியும் பச்சை பூக்க வைத்தும் விடுகிறது. மின்சாரம் வருகிறதா என்று பார்க்க ஒயரின் உறையை ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் அந்த நீருக்கு நல்ல கதவைத் திறந்து கொடுக்கிறது. அன்றைக்கு நேரம் மிச்சமானாலும் அடுத்த ஆண்டின் பழுதுக்கு அப்போதே வித்திடப்படுகிறது.

பழுது எப்போதும் முழு அறுபாடாக இருப்பதில்லை. பாதி அறுந்த நிலையே தேடுவோரை அதிகம் ஏமாற்றும். எர்த் இணைப்பில் 5 ஓம் தடை சேர்ந்திருப்பதாகக் கொண்டால், மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் ஒலிக்கும் பஸ்ஸர் அதையும் நல்ல இணைப்பாகவே அறிவிக்கும், ஏனெனில் பல கருவிகளில் சில பத்து ஓம் வரை அது ஒலிக்கும்படியே அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் 7 ஓம் விளக்குக்குப் பின்னால் 5 ஓம் தடை நின்றால் விளக்குக்குக் கிடைப்பது 7 வோல்ட்டே; ஒளி ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மின்னழுத்தம் பார்த்தால் ஏமாற்றம் இன்னும் பெரிது. டிஜிட்டல் மீட்டர் தன்னுள் இழுப்பது மிகமிகச் சிறிய மின்னோட்டம். அதன் உள்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம். வழியில் ஆயிரம் ஓம் துரு இருந்தாலும் அது 12 வோல்ட்டைக் குறையில்லாமல் காட்டும். ஆடு நடந்துபோன மரப்பாலம் லாரியையும் தாங்கும் என்று முடிவுகட்டுவதற்கு நிகரான சோதனை இது.

ஆகவே சுமையை ஏற்றியே சோதிக்க வேண்டும். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பின்விளக்கின் எர்த் முனையிலும் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தால், இவ்விரண்டும் ஒரே கம்பியின் இரு நுனிகள் போன்றவை என்பதால் மீட்டர் ஏறத்தாழ எதையும் காட்டக் கூடாது. 0.1 அல்லது 0.2 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் காட்டும் ஒவ்வொரு பங்கும் விளக்குக்குச் சேர வேண்டியதைத் திரும்புவழி விழுங்கிவிட்டதன் கணக்கு. இதை ‘அழுத்த இழப்பு’ எனலாம். மேலே விவரித்த வண்டியில் பார்க் லைட்டும் பிரேக்கும் போட்ட நிலையில் இந்த அளவு 8 வோல்ட்டை ஒட்டியிருக்கும். மீட்டரின் முதல் முனையைப் பித்தளை உறை, ஹோல்டரின் தகடு, கப்ளர், திருகாணியின் தலை, சேசிஸ் என்று ஒவ்வொரு படியாக நகர்த்திக்கொண்டே போனால், எந்த இரு படிகளுக்கு இடையில் எண் திடீரென்று சரிகிறதோ அங்கேதான் பழுது. மீட்டர் இல்லாத பட்டறைகளில் பயன்படும் டெஸ்ட் லேம்ப், அதில் 21 வாட் பல்பு இருந்தால், இந்த வகையில் மீட்டரைவிட நேர்மையானது: அது உண்மையான சுமையை இழுப்பதால், பலவீனமான இணைப்பு அதன் முன் நடிக்க முடியாது.

திரும்புவழிப் பழுது எத்தனை மோசமானாலும் ஃபியூஸைப் போக்காது, ஏனெனில் அது மின்னோட்டத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், வரும்வழி ஒயரின் உறை சேசிஸ் விளிம்பில் உராய்ந்து ஷார்ட் ஆகியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளித்தாளையோ கம்பித் துண்டையோ வைப்பது ஒயரிங் முழுவதையுமே ஃபியூஸாக மாற்றிவிடும். அதற்குப் பதிலாக அவ்விடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைத் தற்காலிகமாக இணைத்தால், மின்னோட்டம் 2 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஷார்ட் இருக்கும்வரை அந்தப் பல்பு முழு ஒளியில் எரியும். ஒயர்க்கட்டை முன்னிருந்து பின்னாக அசைத்துக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் பல்பு சட்டென மங்குகிறதோ, அங்கே உறை கிழிந்திருக்கும்.

எர்த்தைச் சீராக்குவது, தேடுவதைவிட எளிது: திருகாணியைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரியுமளவு சுரண்டி, கருத்த ஒயர் நுனியை நல்ல செம்பு வரும்வரை வெட்டிப் புதிய முனையை அழுத்திப் பொருத்தி, பல்லுள்ள வாஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜப்பானிய, பிரிட்டிஷ் வழக்கத்தில் எர்த் கறுப்பு, ஜெர்மானிய வழக்கத்தில் பழுப்பு. பலர் கைபட்ட பழைய வண்டியிலோ, அந்தந்த நாளில் பட்டறையில் கிடந்த துண்டின் நிறமே அதன் நிறம்.

மின்னிழை பல்புகளுக்குப் பதிலாக எல்.இ.டி. பல்புகள் பொருத்தப்பட்ட வண்டியில் இதே பழுது வந்தால் அடையாளங்கள் இவ்வாறு இருப்பதில்லை. எல்.இ.டி. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே கடத்தும் என்பதால், எர்த் அறுந்ததும் பக்கத்து அறை வழியாகத் தலைகீழாக நுழையும் பின்னோட்டத்துக்கு வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். பார்க் லைட்டைப் போட்ட நொடியிலிருந்தே இடப்பக்க விளக்கு இருண்டு கிடக்கும். பிரேக்கை மிதித்தாலும் மாறாது. பல மீட்டர் தொலைவில் முன்புற இண்டிகேட்டர் கனன்று செய்தி சொல்வதும் இராது.